ஆயியின் ஊரில் ஒதுங்க ஓர் இடம்

புதுச்சேரி அரசின் முத்திரையில் ஒரு மண்டபம் இருக்கிறது. சான்றிதழ் வாங்கப் போனவர்களும் உதவித்தொகைக்கு மனு எழுதியவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம் அது. பூங்காவைச் சுற்றி ஆளுநர் மாளிகையும் சட்டப்பேரவையும் இருக்கின்றன. அதிகாரத்தின் இத்தனை வாசல்களுக்கு நடுவே ஒரு தாசியின் பெயரால் ஒரு கட்டடம் நிற்கிறது.

கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் ஒரு மாலை இந்தப் பக்கம் வந்தாராம். விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பி வணங்கினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று யாரோ சொல்ல, அவமானம் தாங்காமல் வீட்டை இடிக்க உத்தரவிட்டாராம். ஆயி, நானே இடித்துக்கொள்கிறேன் என்று அனுமதி கேட்டு, வீடு இருந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பல தலைமுறைகள் கழித்து, நல்ல குடிநீர் இல்லாமல் தவித்த பிரெஞ்சுக் குடியிருப்புக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதன் நினைவாக மண்டபம் எழுந்தது.

இதைத் தியாகக் கதையாகவே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தவறாகப் பார்த்தது அரசரின் கண். தண்டனை கிடைத்தது பெண்ணின் வீட்டுக்கு. அந்தத் தண்டனையிலிருந்து ஊருக்கு ஒரு பொதுச்சொத்தை உண்டாக்கியவள் அவள். ஊர் அவள் தண்ணீரைக் குடித்தது, அவள் பெயரில் மண்டபம் கட்டியது, மண்டபத்தை அரசு முத்திரையாக்கிக்கொண்டது. ஆனால் ஆயி செய்த வேலை மண்டபம் கட்டுவதல்ல. தெருவில் போகிறவர் தாகத்துக்கு ஒரு வழி செய்வது. அந்த வேலையை இன்றைய நகரம் தன் பெண்களுக்குச் செய்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சந்தையில் பூக்கட்டும் அக்கா ஒருவரிடம் ஒரு வெயில் நேரத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். “வேணாம்மா. குடிச்சா போவணும். போனா கடைய யாரு பாக்கறது?” என்றார். காலை ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தவர். மதியம் வரை நாக்கை நனைப்பதோடு சரி. வெளியே வேலை செய்யும் பெண்களில் இப்படித் தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் குடிக்காதவர் அரிது. சிறுநீர்த் தொற்று, மயக்கம், மாதவிடாய் நாட்களில் விடுப்பு, விடுப்பெடுத்தால் கூலிப் பிடித்தம் என்று அது நீள்கிறது. கழிப்பறை இருக்கும் இடத்திலும் அது பூட்டியிருக்கலாம், உள்ளே விளக்கு எரியாமல் இருக்கலாம், வாசலில் ஆண்கள் கூட்டமாக நிற்கலாம். மும்பையில் 2011இல் தொடங்கிய ‘சிறுநீர் கழிக்கும் உரிமை’ இயக்கம் எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான்: ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பிடம் இலவசம், பெண்ணிடம் மட்டும் ஏன் காசு? கட்டணம் சிறியது என்று சொல்லலாம். நாளைக்கு மூன்று முறை, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று பெருக்கிப் பார்த்தால் கீரை விற்கும் பெண்ணுக்கு அது சிறியதல்ல.

‘ஒதுங்குவது’ என்ற சொல்லை நம் வீட்டுப் பெண்கள் பல பொருளில் சொல்வார்கள். மழைக்கு ஒதுங்குவது, வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குவது, சிறுநீர் கழிக்க ஒதுங்குவது, மாதத்தில் மூன்று நாள் ஒதுங்குவது. ஒதுங்க இடம் கொடுப்பதும் ஒதுக்கிவைப்பதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒரு நகரத்தின் வடிவமைப்பு நல்லதா கெட்டதா என்று பார்க்க எனக்கு இந்தச் சொல் போதும் என்று தோன்றுகிறது. இந்த ஊர் பெண்ணுக்கு ஒதுங்க இடம் கொடுக்கிறதா, அல்லது அவளை ஒதுக்குகிறதா?

புதுச்சேரியின் தெருக்களைப் புகழாத சுற்றுலாப் புத்தகம் இல்லை. ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்த 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட நேர்க்கோட்டுத் தெருத் திட்டம், 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளியபின் 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டிய ஊர், சுற்றிலும் புல்வார்கள். கடலோரமாக வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம், நடுவே பெரிய வாய்க்கால். திட்டமிட்ட நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் திட்டத்தின் முதல் கோடே யார் எங்கே இருக்கலாம் என்று பிரித்த கோடு என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. வாய்க்காலுக்கு மேற்கேயும் கோடுகள் இருந்தன. செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று பெயரிலேயே சாதி இருக்கிறது. தலித் மக்களின் சேரிகள் புல்வார்களுக்கு வெளியே இருந்தன. இன்று ‘பாரம்பரியம்’ என்று நாம் காப்பாற்றுவது பெரும்பாலும் கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களின் வீடுகளை.

2017இல் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் புதுச்சேரி சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் கவனம் பெருமளவு குவிந்ததும் இந்தப் பழைய புல்வார் நகரத்தின் மீதுதான். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடம், உலக வங்கிக் கடனில் பழைய உருவத்திலேயே கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்டியது நல்ல காரியம்தான். ஆனால் இத்தகைய வேலைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பார்வை இருக்கிறது. நகரத்தை அது ஒரு படமாகப் பார்க்கிறது. வருகிறவர் கண்ணுக்கு ஊர் எப்படித் தெரியும் என்பதே அதன் முதல் கேள்வி. ரோமன் ரோலண்ட் வீதியிலோ சுஃப்ரேன் வீதியிலோ வாரக் கடைசியில் போய்ப் பாருங்கள். மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளும் இளம்பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் மகிழ்ச்சியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுவரோரம் ஒரு பெண் சாய்ந்து நிற்க இருக்கும் இடம், அவள் உட்காரவும் கால் நீட்டவும் இல்லை. அந்த வீடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் பெண், பேருந்துக்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வேண்டுமென்றால் ஏதாவது வாசற்படியில்தான் உட்கார வேண்டும். கேட்டுக்குள்ளிருந்து யாராவது பார்த்தால் எழுந்து போக வேண்டும்.

இங்கேதான் பலரும் திண்ணையை நினைவுகூர்வார்கள். புதுச்சேரித் தமிழர் வீட்டின் அழகே அதன் முகப்புதான்: தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, உள்ளே முற்றம். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதியின் முகப்புகளை இன்டாக் அமைப்பு புதுப்பித்தபோது, வழிப்போக்கருக்கு நிழலும் இருக்கையும் கொடுத்த அந்தக் கட்டடக்கலையைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. வீட்டுக்காரர் தன் இடத்தில் ஒரு பகுதியைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்த பண்பாடு என்றார்கள்.

உண்மைதான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? கணக்குப் பார்த்தவர், பேப்பர் படித்தவர், வம்பு பேசியவர், வழிப்போக்கராக வந்து படுத்தவர் எல்லாரும் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுப் பெண்களுக்கு ஆண்கள் வெளியே போன பிற்பகலில் ஒரு மணி நேரம் கிடைத்தது. அதிலும் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும்: பூ கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது, பேத்திக்குத் தலை வாருவது. சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் வேறு. சேரியிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்குத் திண்ணையே கிடையாது, கொல்லைப்புறம்தான். ஆகவே பழைய முகப்பைத் திரும்பக் கட்டினால் பழைய பொதுவெளி திரும்பிவிடும் என்று மகிழ்வதற்கு முன், அந்தப் பொதுவெளி யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. திண்ணையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் உருவத்தைவிட அதன் ஏற்பாடு: நிழல், உட்கார ஒரு மேடை, காசு கேட்காமல் இருப்பது. அதைச் சாதியும் பாலும் பார்க்காமல் தெருவே எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் பெருந்தன்மை அல்ல, நகராட்சியின் கடமை.

அப்படி ஓர் இடம் இந்த ஊரில் இல்லாமலும் இல்லை. கடற்கரைச் சாலை இருக்கிறது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். மாலை ஆறு மணிக்கு வண்டிகள் நின்றுவிடும். காலை ஏழரை வரை சாலை நடப்பவர்களுக்கு. இரவு பத்து மணிக்கும் அங்கே பெண்களைப் பார்க்கலாம். முஸ்லிம் குடும்பங்கள், கைக்குழந்தைக்காரிகள், வீல்சேரில் பாட்டிகள், தனியாக நடக்கும் ஆசிரமத்து வயோதிகப் பெண்கள், தோளில் கைபோட்டு நடக்கும் கல்லூரித் தோழிகள். எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு பெண் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்க முடிகிற இடம் அது ஒன்றுதான்.

அங்கே மட்டும் ஏன் முடிகிறது? கடல் ஒரு காரணம். ஆனால் ஊரின் பிற கடற்கரைகளில் இருட்டியபின் பெண்கள் இல்லை. ஆகவே வேறு காரணங்களைத் தேட வேண்டும். வண்டி இல்லை, அதனால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். நீளக் கட்டைச்சுவர் இருக்கிறது, உட்காரக் காசு வேண்டாம். விளக்கு இருக்கிறது. சுண்டல், பலூன், ஐஸ் விற்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிற பெண்கள் இருக்கிறார்கள். ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலில் தெருவைக் காப்பது அதில் புழங்கும் மனிதர்களின் கண்கள் என்றார். கடற்கரைச் சாலையில் நாம் அனுபவிப்பது அதைத்தான். ஒரே ஒரு விதி, மாலையில் வண்டி வேண்டாம் என்ற விதி, இவ்வளவையும் சாத்தியமாக்கியிருக்கிறது. அந்த விதி ஏன் நேரு வீதிக்கு மாலையில் இரண்டு மணி நேரமாவது வரவில்லை? முத்தியால்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ லாசுப்பேட்டையிலோ ஒரு தெருவுக்கு, வாரம் ஒரு நாளாவது, ஏன் வரவில்லை? கடற்கரைக்கு வர ஸ்கூட்டரோ பெட்ரோல் காசோ கூட்டிப்போக ஆளோ இல்லாத பெண்களுக்கும் மாலை என்று ஒன்று இருக்கிறதே.

வியன்னா நகரம் 1990களின் பிற்பகுதியில் தன் பூங்காக்களில் யார் வருகிறார்கள் என்று கவனித்தது. ஒன்பது வயது தாண்டியதும் சிறுமிகள் பூங்காவிலிருந்து காணாமல் போவது தெரிந்தது. பூங்கா என்றால் நடுவில் ஒரு பெரிய பந்து மைதானம். அதைப் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். சிறுமிகள் போட்டி போடுவதைவிட விலகிவிடுவார்கள். நகரம் இரண்டு பூங்காக்களைச் சோதனையாக மாற்றியது. பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தது, பாதைகளைக் கூட்டியது, கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் விட்டது. சிறுமிகள் திரும்பி வந்தார்கள். இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. யார் இல்லை என்று எண்ணிப் பார்த்ததுதான் அதன் தொடக்கம். நம் நகர்ப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் மாலை ஐந்தரை மணிக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் எத்தனை பேர் என்று நாம் எப்போதாவது எண்ணியிருக்கிறோமா?

கடற்கரைச் சாலைக்கு வடக்கே கொஞ்சம் நடந்தால் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம். தெற்கே வம்பாகீரப்பாளையம். அங்கே கடற்கரை என்பது வேலையிடம். வலையும் படகும் ஆண்களுடையவை என்றால், கரைக்கு வந்த மீனை எடுப்பது, பிரிப்பது, உப்பிட்டு உலர்த்துவது, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பது பெண்களின் தொழில். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின், வடக்கு நோக்கி நகர வேண்டிய மணல் தடைப்பட்டு ஊரின் கடற்கரை கரைந்தது. கல் கொட்டப்பட்டது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பியபோது ஊரே கொண்டாடியது. செய்திப் படங்களில் நாம் பார்த்தது மணலில் விளையாடும் குடும்பங்களை. மீன் உலர்த்த மணல் இல்லாமல் போன பெண்கள் அந்தப் படங்களில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடற்கரையை இழந்தபோது நகரம் ஒரு காட்சியை இழந்தது. அவர்கள் இழந்தது தொழிற்கூடத்தை.

இதே பெண்களை ஊருக்குள் பெரிய மார்க்கெட்டில் பார்க்கலாம். குபேர் அங்காடி என்பது அரசுப் பெயர். ஈரம், நாற்றம், நெரிசல், பழுதான கூரை எல்லாம் உண்டு. அதைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மாற்றுக்கருத்து இருக்காது. சண்டை எப்படிச் சீர்செய்வது என்பதில். சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். மொத்த மீன் விற்பனையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டிய நவீன மீன் அங்காடிக்கு மாற்ற முனைந்தபோது மீனவப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வளர்ச்சிக்குத் தடை, பழக்கத்தை விட மறுக்கிறார்கள் என்று அதைப் பேசியவர்கள் உண்டு. அவர்கள் கணக்கு வேறு. அதிகாலையில் கூடையோடு அவ்வளவு தூரம் எந்த வண்டியில் போவது? அங்கே வாங்கியதைத் திரும்ப ஊருக்குள் கொண்டுவரும் செலவு யாருடையது? வாடிக்கைக்காரர் இங்கே, மீன் அங்கே என்றால் நடுவில் நுழைவது யார்? டைல்ஸ் போட்ட தரையை விட அவர்களுக்கு முக்கியமானவை இந்தக் கேள்விகள். வடிவமைப்பு என்பது வரைபடத்தில் தொடங்குவதாக நினைப்பவர்களுக்கு இவை கேள்விகளாகவே தெரிவதில்லை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கே கடை, எந்த நேரம் என்பது போன்றவற்றில் அவர்கள் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதே அதன் உயிர். மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பெண்கள் தமக்கென்று துணியும் வளையலும் செருப்பும் பேரம் பேசி வாங்கும் இடம் அது. பெண்கள் தயங்காமல் புழங்கும் அந்தச் சந்தையைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மட்டும் பேசுகிறவர்கள், நகரத்தை ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார்கள்.

நேரு வீதியின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் பெண்களின் நாள் இன்னொரு பாடம். பல மணி நேரம் நிற்பார்கள். கடையில் பணியாளர் உட்கார இருக்கை வேண்டும் என்பதைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டமாக்கின. அதற்காகத் தெருவில் இறங்கியவர்கள் கோழிக்கோட்டின் கடைப் பெண்கள். இரவு கடை மூடியதும் நம் ஊர்ப் பெண்கள் அதே கால்களோடு டெம்போவுக்கு நிற்கிறார்கள். புதுச்சேரியின் நகரப் பேருந்துகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. மீதித் தூரத்தை டெம்போக்கள் பார்த்துக்கொள்கின்றன. கூட்டம் குறைந்தால் கடைசிச் சுற்று வராது. வில்லியனூருக்கும் அரியாங்குப்பத்துக்கும் போக வேண்டிய பெண்கள் சாலையோரம் கூட்டமாக நின்று, ஆட்டோவுக்குக் காசைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே அது சாத்தியமானதற்கு ஒரு காரணம், ஓட்டுவதற்கு அரசிடம் பேருந்து இருந்தது. பேருந்து அரசிடம் இல்லாத ஊரில் இலவசம் என்ற அறிவிப்புக்கு எவ்வளவு தூரம் ஓட முடியும்?

மறைமலை அடிகள் சாலையில் உள்ள பேருந்து நிலையம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. நிலையம் தேவைதான். ஆனால் பெண்ணின் பயணம் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு நடப்பதில்லை. பள்ளியில் பிள்ளையை விடுவது, ரேஷன் கடை, வேலை, மாமியாருக்கு மருந்து, காய்கறி, திரும்பப் பள்ளி என்று துண்டு துண்டாக நடப்பது. அந்தத் துண்டுகளை இணைப்பவை நடைபாதைகள். நம் நடைபாதையில் டிரான்ஸ்பார்மர் நிற்கும், பைக் நிற்கும், வாய்க்கால் மூடி உடைந்திருக்கும், மதுக்கடையின் முன் கூட்டம் நிற்கும். புதுச்சேரியின் குறைந்த விலை மது, வாரக் கடைசியில் வெளியூர்க்காரர்களை இழுத்து வருகிறது. குடியிருப்புத் தெருக்களில் முளைத்த ரெஸ்டோ பார்களை எதிர்த்து மக்கள் போராடினார்கள். குடிப்பது பாவம் என்று வாதிட நான் வரவில்லை. மாலை ஏழு மணிக்கு டியூஷன் முடிந்து வரும் ஒரு பெண் எத்தனை முறை நடைபாதையிலிருந்து இறங்கிச் சாலை நடுவில் நடக்க வேண்டியிருக்கிறது என்பதே என் கணக்கு. ஒவ்வொரு முறையும் ஒதுங்குபவள் அவள்தான்.

இதற்கெல்லாம் நமக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் கேமரா. 2024 மார்ச்சில் நகரின் வடபகுதியில், விளையாடப் போன ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஊர் கொதித்தது, பெண்கள் தெருவை நிறைத்தார்கள். அந்தக் கோபத்தின் முடிவில் மிஞ்சும் கோரிக்கை பெரும்பாலும் கண்காணிப்பாகவே இருக்கிறது. வீட்டுக்குள் அதன் பொருள் இன்னும் எளியது: பெண் பிள்ளையை வெளியே விடாதே. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ நூலின் வாதம் இங்கே நமக்கு உதவும். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வெளியிலிருந்து அகற்றுவதே வெளியை இன்னும் ஆபத்தாக்குகிறது. பெண் வெளியே இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது: பை, ஃபைல், குழந்தை, காதில் போன். காரணமில்லாமல் இருப்பதற்கான உரிமைதான் பொதுவெளியின் உண்மையான அளவுகோல். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அதற்கு முடியாது. பூக்கடைக்காரியும் இட்லி விற்கும் ஆயாவும் விளையாடும் பத்துச் சிறுமிகளும் இருக்கும் தெருவில் அதற்கு வேலை குறைவு.

சரி, இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? இங்கேதான் புதுச்சேரியின் தனிக்கதை வருகிறது. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறக்கச் சொல்லவும் எரியாத விளக்கை மாற்றச் சொல்லவும் நம் நாட்டில் இருக்கும் மிக நெருக்கமான ஆள் வார்டு உறுப்பினர். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கையாவது பெண்களுக்குக் கொடுத்தது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல், 38 ஆண்டுகள் கழித்து. 2011இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தலே இல்லை. அதாவது, ஸ்மார்ட் சிட்டி அறிவிக்கப்பட்டு, திட்டங்கள் வரையப்பட்டு, ஒப்பந்தங்கள் விடப்பட்ட காலம் முழுவதும் புதுச்சேரிக்கும் உழவர்கரைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றம் கிடையாது. நகரத்தை அதிகாரிகளும் ஒரு நிறுவனமும் வடிவமைத்தார்கள். வார்டில் ஒரு பெண் உறுப்பினர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. கணவர் நடத்தும் பதவிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் வீட்டுக் கதவைத் தட்டித் திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்திருப்பாள்.

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஆயிரம் ஆண்களுக்கு 1037 பெண்கள். இந்த நாட்டில் பெண்கள் எண்ணிக்கையில் முந்திய அபூர்வமான இடங்களில் ஒன்று. 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் வென்ற 30 பேரில் பெண் ஒரே ஒருவர், சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அமைச்சரான பெண். 2023 அக்டோபரில் சாதியத்தையும் பாலின ஒடுக்குதலையும் காரணமாகச் சொல்லி விலகல் கடிதம் எழுதினார். பாதிக்கு மேல் பெண்கள் வாழும் ஊரில், ஊரை வரைகிற மேசையைச் சுற்றிப் பெண்கள் இல்லை. கழிப்பறைக்கான கம்பி எங்கே போயிற்று என்று கேட்க ஆள் இல்லாதபோது சிலைக்கும் அலங்கார விளக்குக்கும் காசு போவதில் வியப்பென்ன?

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். 1989இல் டொராண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பின் பெண்கள் ‘பாதுகாப்புத் தணிக்கை’ என்ற எளிய முறையை உருவாக்கினார்கள். பின்னர் தில்லியில் ஜாகோரி அமைப்பு அதை நம் தெருக்களுக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது. நான்கைந்து பெண்கள் சேர்ந்து, இருட்டியபின், தாம் தினமும் போகும் ஒரு வழியில் நடக்க வேண்டும். எழுத வேண்டும். எத்தனை விளக்கு, எத்தனை எரிகிறது. உட்கார எத்தனை இடம். கழிப்பறை எங்கே, திறந்திருக்கிறதா, காசு எவ்வளவு. எத்தனை இடத்தில் நடைபாதையிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. பேருந்துக்கு எவ்வளவு நேரம் நின்றோம். பத்துப் பேரைப் பார்த்தால் அதில் பெண்கள் எத்தனை. எந்த இடத்தில் நாம் பேச்சை நிறுத்தி வேகமாக நடந்தோம். சக்கர நாற்காலியில் வரும் தோழியையும் மீன் விற்கும் அக்காவையும் கடையில் நிற்கும் பெண்ணையும் திருநங்கைத் தோழியையும் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பட்டியல் வேறாக இருக்கும். வேறாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் படியெடுத்து நகராட்சிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்ற கேள்வியை அதன் கடைசி வரியாக எழுதுங்கள்.

அப்படி ஒரு நடையைப் பாரதி பூங்காவிலிருந்தே தொடங்கலாம். ஆயிக்கு மண்டபம் கட்டி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவள் வேலை மட்டும் பாக்கியிருக்கிறது. மார்க்கெட்டில் அந்த அக்கா தயங்காமல் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நாள்வரை அது பாக்கியாகவே இருக்கும்.